தோட்டம் யாருடைய நிலத்தில்? பகிர்ந்துண்ணலும் சாதியும்

வீட்டுத் தோட்டம், மாடித் தோட்டம், நஞ்சில்லா உணவு என்னும் சொற்கள் சில ஆண்டுகளாகத் தமிழ் இதழ்களிலும் காணொலிகளிலும் இடைவிடாது ஒலிக்கின்றன. தம் மாடியில் விளைந்த கத்தரிக்காயை அண்டை வீட்டாருக்குக் கொடுத்து மகிழ்வோரின் படங்கள் நாள்தோறும் கண்ணில் படுகின்றன. அம்மகிழ்ச்சியை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் அப்படங்களுக்கு வெளியே சில கேள்விகள் நிற்கின்றன. அந்தச் செடி நிற்கும் இடம் யாருடையது? அதற்கு ஊற்றப்படும் நீர் எந்தக் குழாயிலிருந்து வருகிறது? காயை நீட்டும் கை சேரியைச் சேர்ந்ததாக இருந்தால் அண்டை வீட்டார் அதை வாங்கிக்கொள்வார்களா?

முதற் கேள்விக்கு அரசின் புள்ளிவிவரங்களே விடை தருகின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, பயிரிடப்படும் பரப்பில் அவர்கள் கையில் இருப்பது 9 விழுக்காட்டைத் தாண்டவில்லை. நிலம் வைத்திருக்கும் பட்டியல் சாதிக் குடும்பத்தின் சராசரிப் பரப்பு 0.78 ஹெக்டேர், அனைத்துப் பிரிவினருக்குமான சராசரி 1.08 ஹெக்டேர். இச்சராசரியில் நிலமே இல்லாதவர்கள் சேரவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு வீட்டின் கூரைத் தாழ்வாரம் அடுத்த வீட்டின் சுவரைத் தொடும் காலனியில் வாழ்வோரிடம் 'வீட்டுக்கு ஒரு கீரைப் பாத்தி' என்று அறிவுரை கூறுவது, நிலமில்லாதவரிடம் நிலவரி கேட்பதைப் போன்றதே.

கடைசிக் கேள்விக்கும் சான்றுகள் உள்ளன. 11 மாநிலங்களில் 565 ஊர்களை ஆராய்ந்து, 2006இல் நூலாக வெளிவந்த ஊரகத் தீண்டாமை பற்றிய ஆய்வு, பால் கூட்டுறவு குறித்துத் தரவு கிடைத்த ஊர்களுள் ஏறத்தாழப் பாதியில் தலித்துகள் பால் ஊற்றத் தடுக்கப்பட்டதைப் பதிவு செய்தது. மாடு ஒன்றுதான், புல் ஒன்றுதான்; கறந்த கை வேறு என்பதால் பால் தீட்டாகிவிடுகிறது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தின் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த பெண் சத்துணவு சமைக்கக் கூடாதென ஆதிக்கச் சாதிப் பெற்றோர் எதிர்த்தது நாடறிந்த செய்தி. பகுத்துண்ணலை அறங்களுள் தலையாயது எனப் போற்றும் மொழியில்தான் நாம் பேசுகிறோம். அம்மொழி வழங்கும் ஊரில் உணவு எத்திசையில் செல்லலாம், எத்திசையில் செல்லக் கூடாது என்பதைச் சாதி வகுத்து வைத்திருக்கிறது. மேலிருந்து கீழே மீந்த சோறாக இறங்கலாம். கீழிருந்து மேலே சமமான கொடையாக ஏறக் கூடாது.

இதனால்தான் 1927இல் மகாடில் கூடிய மக்களிடம் அம்பேத்கர், செத்த மாட்டிறைச்சியை உண்பதையும் எச்சில் சோற்றுக்குக் கையேந்துவதையும் கைவிடுமாறு கேட்டுக்கொண்டார். சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகிய அதே மாநாட்டில் இவ்வேண்டுகோளும் எழுந்தது தற்செயலன்று. யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார், எந்த உரிமையில் என்பதே அங்கு எழுப்பப்பட்ட வினா. சமூகத் தோட்டத்தையும் உணவுப் பகிர்வையும் இந்த வினாவிலிருந்து தொடங்கியே நாம் விளங்கிக்கொள்ள இயலும். இதற்குத் துணையாகச் சில முன்னனுபவங்கள் உள்ளன. அவற்றுள் மிகவும் விரிவாக அறியப்பட வேண்டியது தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியில் நிகழ்ந்தது.

முன்னாளில் மேடக் மாவட்டத்திலும் இன்று சங்காரெட்டி மாவட்டத்திலும் அடங்கும் அப்பகுதி, மழையை மட்டுமே நம்பிய வறண்ட நிலம். நிலச் சீர்திருத்தத்தின் பெயரால் தலித் குடும்பங்களுக்கு அங்கே வழங்கப்பட்டவை பெரும்பாலும் மேல்மண் மெலிந்த, கல் மிகுந்த துண்டுகள். ஏர் இல்லை, எரு இல்லை, விதைக்கக் காசில்லை என்பதால் பலவும் தரிசாகக் கிடந்தன. 1983இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தில் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கும் திட்டம் வந்தது. அது பசியைத் தணித்தது. அதை நாம் மறுக்கவில்லை. எனினும், சோளமும் தினையும் விளையும் மண்ணில் வாழ்ந்தோரின் தட்டிற்கு எங்கோ பாசன நிலத்தில் விளைந்த நெல் வந்தபோது, அவர்களுடைய நிலம் மேலும் கவனிப்பாரற்றுப் போயிற்று. நிலம் இருந்தும் கடைக்கு முன் வரிசையில் நிற்பவர்களாக அவர்கள் ஆனார்கள்.

அதே 1983இல் தொடங்கப்பட்ட தக்காண வளர்ச்சிச் சங்கம் என்னும் அமைப்பு, ஊர்தோறும் பெண்களின் சங்கங்களை உருவாக்கியது. உறுப்பினர்களுள் பெரும்பாலோர் தலித் பெண்கள். கூலி வேலையே பிழைப்பாகக் கொண்டவர்கள். முதலில் தத்தம் துண்டு நிலங்களை உழுது சீர்படுத்தினார்கள். சில சங்கங்கள் நிலவுடைமையாளரிடம் கூட்டாகக் குத்தகைக்கு நிலம் எடுத்தும் பயிரிட்டன. 1990களின் நடுப்பகுதியில் அவர்கள் தொடங்கிய சமூகத் தானியக் களஞ்சியமே நம் கவனத்துக்குரியது.

அதன் செயல்முறை எளியது. தரிசு நிலம் வைத்திருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு உழவு, எரு, விதை ஆகியவற்றுக்காக ஏக்கர் கணக்கில் கடன் தரப்பட்டது. இதற்கான தொடக்க நிதியை மத்திய ஊரக வளர்ச்சித் துறை அளித்தது. கடனைப் பணமாகத் திருப்பித் தர வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு விளைச்சலில் ஒரு பகுதியைத் தானியமாக ஊர்க் களஞ்சியத்தில் அளக்க வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஏறத்தாழ 2,600 ஏக்கர் தரிசு இவ்வாறு மீண்டும் சோளம் விளையும் நிலமாயிற்று. அளக்கப்பட்ட சோளம் மாவட்டத் தலைநகரின் கிடங்குக்குச் செல்லவில்லை. அந்தந்த ஊரிலேயே, சாம்பலும் வேப்பிலையும் இட்டுச் சேமிக்கப்பட்டது. வேலை கிடைக்காத மழைக்கால மாதங்களில் ஊரின் மிக வறிய குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்கப்பட்டது. விற்ற பணம் அடுத்த ஆண்டின் உழவுக்குத் திரும்பியது.

'மிக வறியவர் யார்?' என்பதை எவர் முடிவு செய்வது? இங்கேதான் இம்முயற்சி அரசுத் திட்டங்களிலிருந்து விலகி நடந்தது. வட்டாட்சியரின் பட்டியலோ வருமானச் சான்றிதழோ கேட்கப்படவில்லை. ஊர்ப் பொதுவிடத்தில் மண்ணில் வண்ணப்பொடியால் ஊரின் வரைபடம் வரையப்பட்டது. ஒவ்வொரு வீடாக எடுத்து, நிலம் உண்டா, கணவரை இழந்து தனித்து வாழ்பவரா, பிள்ளைகள் கூலிக்குப் போகிறார்களா, ஆண்டில் எத்தனை மாதம் வீட்டில் தானியம் இருக்கிறது என்று ஊரார் முன்னிலையில் பேசி, வறுமையின் படிநிலையை அவர்களே வகுத்தார்கள். கடைநிலையில் இருந்த குடும்பத்துக்கு மாதந்தோறும் கூடுதல் தானியம். சற்று மேலிருந்தவர்க்குக் குறைவு. எல்லோருடைய முன்னிலையிலும் வகுக்கப்பட்டதால் பொய்ப்பெயர் நுழைவது கடினமாயிற்று. இன்றளவும் குடும்ப அட்டைப் பட்டியலில் பெயர் விடுபட்டு அலையும் முதியவர்களைக் கண்டவர்களுக்கு இந்த மண்வரைபடத்தின் மதிப்பு விளங்கும்.

விதைக்கும் இதே வழிமுறைதான். சங்கத்தின் விதை வங்கியிலிருந்து எடுத்தவர் அறுவடைக்குப் பின் வாங்கியதைவிடக் கூடுதலாக, பொதுவாக இரு மடங்காக, திருப்பித் தர வேண்டும். ஒரே நிலத்தில் சோளம், தினை, துவரை, கொள்ளு, பச்சைப்பயறு, எள் எனப் பலவும் கலந்து விதைப்பது அப்பெண்களின் வழக்கம். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று அடுப்பெரிய வைக்கும். பயிருக்கிடையே தானாக முளைக்கும் கீரைகளைக் களை என்று பிடுங்கி எறிவதில்லை. நம்மூரில் பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, சாரணைக்கீரை என்று அழைப்பவற்றைப் போன்ற எண்பதுக்கும் மேற்பட்ட வகைகளை அவர்கள் பெயர் சொல்லி அடையாளம் காட்டியுள்ளனர். இக்கீரைகளை எவர் நிலத்திலிருந்தும் பறித்துக்கொள்ளலாம் என்பது எழுதப்படாத ஊர் வழக்கம். களைக்கொல்லி தெளிக்கப்பட்டால் நிலமற்றவரின் இந்தக் கடைசித் தோட்டமும் கருகிவிடும். களைக்கொல்லி பற்றிய விவாதத்தில் பெரும்பாலும் மண்ணையும் மண்புழுவையும் பேசுகிறோம். வரப்போரத்தில் கீரை பறித்துக் குழம்பு வைப்பவரை நினைப்பதில்லை.

தாங்கள் சேமித்த விதையைக் கேட்டு ஆதிக்கச் சாதி விவசாயிகளும் தங்கள் வாசலுக்கு வருவதை அப்பெண்கள் பெருமையுடன் பதிவு செய்திருக்கிறார்கள். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்னும் வரிசை அந்த ஒரு நிகழ்வில் திரும்பிவிடுகிறது. அதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லப் போவதில்லை. விதைக்கு வந்தவர் திருமணத்துக்கு வருவாரா என்பது வேறு வினா. ஆயினும் சேரியில் ஒரு களஞ்சியம் நிற்பதற்கும், நில உடைமையாளர் வீட்டுப் பின்வாசலில் முறத்துடன் நிற்பதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. மழைக்கால மாதங்களில் கடன் வாங்கத் தேவையில்லாத பெண், அறுவடைக் காலத்தில் கூலியைப் பேசி வாங்க முடிகிறது. களஞ்சியத்தின் உண்மையான விளைச்சல் அதுவே எனலாம்.

2008இல் மாச்சனூர் கிராமத்தில் இச்சங்கப் பெண்கள் தம் சொந்தச் சமூக வானொலியை நிறுவினர். 2019இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது இவ்வமைப்புக்குக் கிடைத்தது. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக உலகம் கொண்டாடியபோது, நகரத்துக் கடைகளில் தினையும் சாமையும் பளபளப்பான பொட்டலங்களில் ஏறின. அரசு அவற்றுக்கு 'ஸ்ரீ அன்னா' என்று வடமொழிப் பெயரும் சூட்டியது. 'ஏழையின் சோறு' என இகழப்பட்ட காலத்தில் அவ்விதையைக் காத்த கைகளின் பெயர் எந்தப் பொட்டலத்திலும் இல்லை.

பஞ்சாபின் அனுபவம் வேறு வகையானது. அங்கே மக்கள்தொகையில் தலித்துகள் 31.9 விழுக்காடு, எந்த மாநிலத்திலும் இந்த அளவு இல்லை. ஆனால் விளைநிலத்தில் அவர்களுக்குள்ள பங்கு மிகச் சொற்பம். 1961ஆம் ஆண்டின் பஞ்சாப் ஊர்ப் பொதுநிலச் சட்டத்தின் கீழ், பஞ்சாயத்துச் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பட்டியல் சாதியினருக்கே குத்தகைக்கு விடப்பட வேண்டும். நடைமுறையில் ஏலத்தில் கை தூக்குபவர் தலித் பெயர் கொண்ட ஒருவர். உழுபவர் அவருக்குப் பின்னால் நிற்கும் நில உடைமையாளர். பினாமி என்பது நமக்கும் பழகிய சொல்தான்.

2014 முதல் சங்க்ரூர் மாவட்டத்தில், 'ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி' என்னும் நில மீட்புப் போராட்டக் குழுவின் தலைமையில், தலித் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து இந்நிலங்களை ஏலம் எடுக்கத் தொடங்கின. பலத் கலான் என்னும் ஊர் இதில் முன்னின்றது. காவல்துறையின் தடியடியையும் சிறையையும் கடந்து நிலத்தைப் பெற்றவர்கள், அதைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளவில்லை. கூட்டாகப் பயிரிட்டு, கோதுமையைக் குடும்பங்களுக்குப் பங்கிட்டார்கள். ஒரு பகுதியில் கால்நடைக்கான பசுந்தீவனம் வளர்த்தார்கள்.

தீவனம் என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். பஞ்சாபின் தலித் பெண்கள் ஆதிக்கச் சாதியினரின் வயல் வரப்பில் புல்லறுக்கச் செல்லும்போது எதிர்கொண்ட வசைகளையும் பாலியல் சீண்டல்களையும் அறிந்தவர்களுக்கு அது சிறியதன்று. தம் நிலத்தில் தம் புல்லை அறுத்துவரும் பெண்ணுக்கு அன்றாடம் பணிந்துபோக வேண்டிய ஒரு வாசல் குறைகிறது. இப்போராட்டத்தில் பெண்கள் முன்வரிசையில் நின்றதற்கு இதுவே காரணம். இதற்கு எதிர்வினையும் வந்தது. 2016 அக்டோபரில் ஜலூர் கிராமத்தில் தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது. ஊர்ப் பொதுநிலத்தில் ஒரு பாத்தி கீரைக்கும் புல்லுக்கும் உரிமை கோருவது எத்தகைய வன்முறையைக் கிளப்பக்கூடும் என்பதற்கு அவ்வூரே சான்று.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அதன் தோல்வியும் நமக்குப் பாடமாக இருப்பதால். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தித் தோட்டக் கூலியாக இருந்த ஃபேனி லூ ஹேமர் என்னும் கறுப்பினப் பெண், 1962இல் வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றார். அன்றே, 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அதே குளிர்காலத்தில், அண்டை மாவட்டமான லெஃப்ளோரின் நிர்வாகம், கறுப்பின மக்கள் வாக்குரிமைக்குத் திரண்டதற்குப் பழிவாங்கும் வகையில் ஏழைகளுக்கான உணவுப் பங்கீட்டை நிறுத்தியது. வாக்களித்ததற்காகக் குழாயை அடைப்பதும், வழக்குக் கொடுத்ததற்காகக் கடையில் பொருள் மறுப்பதும் நம் ஊர்களிலும் நடப்பவைதாம்.

பசித்த வயிற்றைக் கையில் வைத்திருப்பவன் வாக்கையும் கையில் வைத்திருக்கிறான் என்பதை உணர்ந்த ஹேமர், 1969இல் 40 ஏக்கர் நிலத்துடன் விடுதலைப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். பின்னர் மேலும் 640 ஏக்கர் சேர்க்கப்பட்டது. கீரை, பட்டாணி, வெண்டை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவை ஏழைக் குடும்பங்களுக்கு விளைந்தன. பன்றி வங்கி ஒன்றும் இருந்தது: ஏறத்தாழ ஐம்பது பன்றிகளுடன் தொடங்கி, ஒரு குடும்பத்துக்கு ஒரு பெண் பன்றி வழங்கப்படும், அது ஈன்றதும் இரு குட்டிகளை வங்கிக்குத் திருப்பித் தந்தால் போதும். அக்குட்டிகள் வேறு குடும்பங்களுக்குச் செல்லும். விதையை இரு மடங்காகத் திருப்பித் தந்த ஜகீராபாத் பெண்கள் இதை அறிந்து செய்தார்கள் என்று நாம் கூறவில்லை. இல்லாதவர்கள் ஒருவரையொருவர் தாங்கும்போது கணக்கு எங்கும் ஒன்றுபோலவே அமைந்துவிடுகிறது.

அப்பண்ணை ஏழெட்டு ஆண்டுகளே நிலைத்தது. நிலத்தின் கடன் தவணையும் வரியும் சேர்ந்தன; வெள்ளமும் வறட்சியும் பருத்தியைக் கெடுத்தன; தொலைவிலிருந்து நன்கொடை அனுப்பியவர்களின் ஆர்வம் தளர்ந்தது; ஹேமரின் உடல்நலமும் குன்றியது. 1970களின் நடுவில் நிலம் கைவிட்டுப் போயிற்று. உணவு விளைந்தது, பகிரப்பட்டது, மக்கள் உண்டார்கள். நிலத்தின் உரிமை மட்டும் கடன்பத்திரத்தில் இருந்தது. பண்ணையை வீழ்த்திய காரணங்களுள் அதையே முதலாவதாக நாம் கருதுகிறோம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே நிலம் என்றவுடன் பஞ்சமி நிலம் நினைவுக்கு வராமல் இராது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. முதல் பத்தாண்டுகள் கைமாற்றக் கூடாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட சமூகத்தாரன்றிப் பிறருக்கு விற்கக் கூடாது என்னும் நிபந்தனைகள் இருந்தும், பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. 1994 அக்டோபர் 10 அன்று, பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரும் உயிரிழந்தனர். இந்த வரலாற்றைப் பேசாமல் சேரிப் பெண்களுக்குத் தொட்டியும் விதைப் பொட்டலமும் வழங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்கள் நமக்கு உவப்பானவை அல்ல. தோட்டம் நில உரிமைக்கு மாற்றாக முன்வைக்கப்படுமானால் அதை நாம் ஏற்க முடியாது. நில உரிமைக் கோரிக்கையை உயிர்ப்புடன் வைத்திருக்கும் ஓர் இடமாகத் தோட்டம் அமையுமானால் அது வேறு செய்தி.

நகரத்தில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றப்பட்டவர்களுள் தலித் மக்கள் பெருமளவினர். அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர்களுக்குக் கிடைத்தது சுவரும் படிக்கட்டும், மண் அன்று. குப்பைமேட்டுக்கு அருகில் வாழ்வோருக்கு மண் இருந்தாலும், அது கீரை விளைக்கத் தகுந்ததா என்று ஆய்ந்து பார்க்காமல் விதைக்கச் சொல்வது பொறுப்பற்ற செயல். ஈயம் போன்ற நச்சு உலோகங்களைக் கீரைகள் உறிஞ்சிக்கொள்ளும்; உயர்த்திய பாத்தியில் வேறு மண் நிரப்பி வளர்ப்பதே அங்கே தகும்.

நீரைப் பொறுத்தவரை நெடிதாகச் சொல்லத் தேவையில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலின் குடிநீர்த் தொட்டியில் நிகழ்ந்ததை மறந்தவர் இல்லை. குடிக்கும் நீருக்கே அந்நிலை என்றால், பாத்திக்குப் பாய்ச்ச ஊர்க்கிணற்றைக் கேட்பது எளிதல்ல. பொதுக் குழாயடியில் வழிந்தோடும் நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் வாய்க்கால் வெட்டி வாழைக்கும் முருங்கைக்கும் திருப்புவது சேரிகளில் காலங்காலமாக உள்ள வழக்கம். சமூகத் தோட்டம் தொடங்குவோர் அங்கிருந்தே தொடங்கலாம்.

உடல்நலத்தைப் பற்றியும் சற்று நிதானமாகப் பேச வேண்டும். 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. கீரை உண்டால் தீரும் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகவே ஏற்றுக்கொள்ளும். எலுமிச்சை, நெல்லி, தக்காளி போன்றவற்றுடன் உண்ணும்போது ஏற்பு கூடுகிறது. உணவுடனேயே தேநீர் பருகினால் குறைகிறது. இறைச்சி, ஈரல், கருவாடு ஆகியவற்றின் இரும்பை உடல் எளிதில் ஏற்கும். கடுமையான சோகைக்கு மருத்துவரும் மாத்திரையும் தேவை; தோட்டம் அவற்றின் இடத்தை நிரப்பாது.

இறைச்சியை நாம் இங்கே வேண்டுமென்றே குறிப்பிடுகிறோம். இயற்கை வேளாண்மை, பாரம்பரிய உணவு என்னும் பேச்சு எப்படியோ சைவத் தூய்மையில் போய் முடிவதைப் பல கூட்டங்களில் காண்கிறோம். நாட்டுமாட்டின் சாணமும் கோமியமும் போற்றப்படும் மேடையில் அம்மாட்டின் இறைச்சியை உண்பவருக்கு இருக்கை இல்லை. தொழுவத்துச் சாணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கூடையில் சுமந்தவர்கள் யார் என்பதும் அங்கே பேசப்படுவதில்லை. 'அந்தக் காலத்துத் தற்சார்புக் கிராமம்' என்று ஏங்குவோர், அக்கிராமத்தின் பண்ணையாள் எவ்வளவு நெல்லுக்கு எத்தனை நாள் உழைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். நம் தோட்டத்தில் கோழிக்கும் ஆட்டுக்கும் பன்றிக்கும் இடமுண்டு. பகிர்ந்துண்ணும் பந்தியில் மாட்டிறைச்சிக் குழம்புக்கும் இடமுண்டு. மாட்டிறைச்சியை வெளியே வைத்துவிட்டுத்தான் பந்தி நடக்கும் என்றால், பந்தியில் யார் இருக்கலாம் என்பது முன்பே முடிவாகிவிட்டது.

தொடங்க விரும்பும் தோழர்களும் மாணவர்களும் எங்கே இடறுவார்கள் என்பதை மேற்சொன்ன அனுபவங்களே காட்டுகின்றன. முதல் பறிப்புக்கு முன்பே பங்கீட்டு விதி முடிவாக வேண்டும். விளைந்தபின் பேசினால் உரத்த குரலுக்கே கூடை போகும். உழைத்தவருக்கு எவ்வளவு, உழைக்க இயலாத முதியவருக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் எவ்வளவு, விதைக்கு எவ்வளவு என்பதை எல்லோரும் அறியப் பேசி எழுதி வைக்க வேண்டும். எருக்குழியைக் கிளறும் வேலை சுழற்சி முறையில் எல்லோருக்கும் வர வேண்டும். பறையர், பள்ளர், அருந்ததியர் எனப் பலரும் சேர்ந்து நடத்தும் தோட்டத்தில் அவ்வேலை எப்போதும் ஒரு தெருவுக்கே விழுகிறது என்றால், வெளியே எதிர்க்கும் சாதியை உள்ளே நட்டு வளர்க்கிறோம் என்று பொருள். கணக்குப் பேரேடு பெண்கள் கையில் இருப்பது நன்று. தானியக் களஞ்சியம் நிலைத்ததில் அதற்கும் பங்குண்டு.

நிலத்தின் சட்டநிலையை அறிவது அனைத்துக்கும் முந்தியது. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநிலங்களுக்கு ஆணையிட்டது. அத்தீர்ப்பைக் காட்டி ஏழைகளின் குடிசைகளை இடிக்க வருவோர், அதிலேயே உள்ள ஒரு விதிவிலக்கைச் சொல்வதில்லை: நிலமற்ற கூலியாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அரசு அறிவிக்கையின்படி குத்தகை வழங்கப்பட்டிருந்தால் அதை முறைப்படுத்தலாம் என்கிறது அத்தீர்ப்பு. ஆகவே, வாய்மொழி இசைவை நம்பிப் புறம்போக்கில் பாத்தி கட்டுவதைவிட, எழுத்து வடிவிலான குத்தகையைக் கோருவது பாதுகாப்பானது.

கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் உள்ள 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நிலத்தின் வகைப்பாடு பதிவாகியிருக்கும். பஞ்சமி நிலங்கள் அதில் 'டி.சி.' என்னும் குறிப்புடன் காணப்படுவதுண்டு. கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறையில் தம் ஊரின் பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்று, புல எண் வாரியாக இன்று யார் அனுபவத்தில் உள்ளது என்று நேரில் நடந்து குறித்துக்கொள்ளலாம். சேரியை ஒட்டிய எந்தத் துண்டு நத்தம், எது புறம்போக்கு, எது பிறர் வேலிக்குள் போன பஞ்சமி நிலம் என்பது அப்போது தெரியும். தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தோட்டத்துக்கான குத்தகைத் தீர்மானத்தையும் பஞ்சமி நில மீட்புத் தீர்மானத்தையும் ஒரே நாளில், ஒரே புல எண் பட்டியலுடன், அங்கே முன்வைக்கலாம். தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.